96 கிலோவுக்கும் 52 கிலோவுக்கும் ஒரே மெத்தை

எங்கள் வீட்டுக்காரர் 96 கிலோ. நான் 52. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய்நார் மெத்தை ஒன்றை வாங்கி முடிக்கும் வரை ஏறி இறங்கிய நான்கு கடைகளில் மூன்றில் இதை யாரும் கேட்கவில்லை. எவ்வளவு விலையில் பார்க்கறீங்க, கட்டில் என்ன அளவு, இஎம்ஐ போட்டுக்கலாமா, இவ்வளவுதான் கேள்வி.

ஊர் சோமனூர் பக்கம். பதினாறு விசைத்தறி, கூலிக்குக் காடா (சாயம் ஏற்றாத துணி) ஓட்டுகிறோம். அவர் தறிக்குடோனில் தினமும் பத்து மணி நேரம் நின்றபடி. நான் பாவு நூல் வந்த கணக்கு, துணி பீஸ் போன கணக்கு, ஆள் கூலி என்று நோட்டும் கையுமாக உட்கார்ந்தபடி. ராத்திரி பத்தரை மணிக்கு இரண்டு பேருக்குமே இடுப்பு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

முன்னால் இருந்தது ஆன்லைனில் வாங்கிய எட்டு இஞ்ச் மெமரி ஃபோம். பெட்டிக்குள் பாய் மாதிரி சுருட்டி வந்தது. பிரித்துப் போட்டதும் தோசை மாவு பொங்குகிற மாதிரி எழுந்து வந்ததை வீடே கூடி நின்று பார்த்தோம். முதல் வருஷம் சொகுசு. மூன்றாம் வருஷம் அவர் படுக்கிற பக்கம் குழி. அவர் படுத்ததும் நான் சரிந்து போய் அவர் முதுகில் முட்டுவேன். கல்யாணமான புதிதில் சரி. இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகு தூக்கம்தான் பெரிது. அந்த ஃபோம் சூட்டுக்கு இளகுகிற ரகம் வேறு. சித்திரை மாதத்தில் ஆளைப் பிடித்து உள்ளே வாங்கிக்கொள்ளும், புரண்டு படுக்கவே தம் கட்ட வேண்டும். அதே மெத்தை மார்கழி விடியற்காலையில் விறைத்துக் கிடக்கும். காலையில் அவர் எழுந்து இடுப்பில் கையை ஊன்றிப் பத்து எட்டு வைத்தால்தான் நிமிர்வார்.

பத்து வருஷ வாரண்டி அட்டை இருந்தது. குழி ஒரு இஞ்ச்சுக்கு மேல் போனால்தான் வாரண்டி செல்லும் என்பது பொடி எழுத்தில். எங்கள் குழி முக்கால் இஞ்ச். ஆள் படுத்திருக்கும்போது அளந்தால் மூன்று இஞ்ச் வரும், ஆனால் வெறும் மெத்தையை அளந்துதான் போட்டோ அனுப்ப வேண்டுமாம். அனுப்பினோம். கட்டில் பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. விட்டுவிட்டோம்.

இடுப்பு வலி என்று வெளியே சொன்னால் நம் பக்கம் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான். நல்ல கெட்டி மெத்தையாக வாங்கு, இல்லாவிட்டால் கட்டாந்தரையில் பாயைப் போட்டுப் படு. எங்கள் மாமியார் மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு 78 வயது, 44 கிலோ. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் முன்கூடமான ஆசாரத்தில் கயித்துக் கட்டில்தான். "ஏனம்மிணி, நானென்ன கல்லு மேலயா படுத்தெந்திரிக்கறேன்? ஒடம்பு எப்பிடியோ அப்பிடிக் கவுறும் வளைஞ்சு குடுக்குது. இத்தன வருசத்துல இடுப்பு வலீன்னு நான் ஆசுபத்திரி போயிருக்கறனா?" என்றார்.

ஒரு நாள் மதியம் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரர் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கயிறு இறங்கின இறக்கத்தில் தரைக்கும் அவருக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் மிச்சம். எழுப்பிவிட நான் கை கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கயிறு அதே கயிறுதான். 44 கிலோவுக்கு அது கட்டில், 96 கிலோவுக்குத் தொட்டில். அன்றைக்கே எனக்கு விஷயம் உறைத்திருக்க வேண்டும்.

கோயமுத்தூரில் மெத்தைக் கடைக்குக் குறைவில்லை. ஸ்பிரிங் மெத்தையில் பெரிய பெயரான பெப்ஸ் கம்பெனிக்கே தாய்வீடு கோயமுத்தூர்தான். மூன்று ஷோரூம் பார்த்தோம். மூன்றிலும் முதுகெலும்புக்கு நல்லது என்கிற அர்த்தத்தில் ஆர்த்தோ, ஆர்த்தோ என்றுதான் பேச்சு. அழுத்தினால் கை மணிக்கட்டு வரை உள்ளே போன மெத்தையும் ஆர்த்தோ, முழங்கையை ஊன்றினால் வலித்த மெத்தையும் ஆர்த்தோ. யாரோ டாக்டர்கள் சோதித்துப் பார்த்து முத்திரை குத்தியது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது கம்பெனிக்காரர்கள் வைத்துக்கொள்கிற பெயர், அவ்வளவுதான். கூடுதல் கெட்டி என்று சொல்ல எக்ஸ்ட்ரா ஃபர்ம் என்பதும் அதே கதைதான். ஒருவருடைய எக்ஸ்ட்ரா ஃபர்ம் அடுத்த கடையில் மீடியம் என்று நிற்கிறது.

படுத்துப் பார்க்கலாமா என்றால் பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே ஓரமாக உட்காரச் சொல்கிறார்கள். புடவையோடு நடுக்கடையில் படுக்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. போகிறவர்கள் சுடிதாரோ எதுவோ, புரள வசதியானதைப் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டுத் தலையணையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான்காவதாகப் போனதுதான் நாங்கள் வாங்கின இடம். பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவு பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று பின்னால் தெரிய, தகரக் கொட்டகை போட்ட ஒரு மெத்தைப் பட்டறை. எங்களுக்குப் பழக்கமான நூல் வியாபாரி ஒருவர் வழி சொல்லி அனுப்பினார். பொள்ளாச்சிப் பக்கம் முழுக்கத் தோப்பு, தோப்புக்கு நடுவே நார் மில். தேங்காய்நார் மெத்தைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நார் மெத்தை எப்படி ஆகிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நெசவுக்காரிக்கு நாரும் நூலும் ஒன்றுதான், கேட்காமல் இருக்க முடியவில்லை. முற்றின தேங்காய் மட்டையை அடித்து எடுத்த பழுப்பு நாரை முதலில் கயிறாக முறுக்கி வைக்கிறார்கள். அப்புறம் அந்தக் கயிற்றைப் பிரித்துவிட்டால் நார் நேராகாமல் ஸ்பிரிங் மாதிரி சுருண்டே நிற்கும். சுருண்ட நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அடுக்கடுக்காகப் போட்டு, அழுத்தி, சூட்டில் வேகவைத்தால் நாரும் நாரும் தொடுகிற இடத்திலெல்லாம் ரப்பர் பிடித்துக்கொள்கிறது. இதுதான் ரப்பரைஸ்டு காயர். எந்தக் கம்பெனி செய்தாலும் கர்லான் மெத்தை என்றே நாம் சொல்லிப் பழகிய சாமான் இதுதான். நாரை எவ்வளவு நெருக்கி அழுத்துகிறார்களோ அவ்வளவு கெட்டி. நாருக்கு நடுவே காற்றுப் போக வழி இருப்பதால் ஃபோம் மாதிரி சூடு கட்டுவதில்லை. இந்தப் பட்டறைக்காரர் நார்ப் பாளத்தை ஃபேக்டரியில் இருந்து வாங்கி, கேட்கிற அளவுக்கு வெட்டி, மேலே வேறு அடுக்கு ஒட்டி, உறை தைத்துத் தருகிறார்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "ஏனுங்கக்கா, எப்பிடிப் படுப்பீங்க? மல்லாக்கவா, ஒருக்களிச்சா, குப்புறவா?" என்பதுதான் முதல் கேள்வி. என் வீட்டுக்காரர் மல்லாந்து படுப்பவர். ஃபேனைப் பார்த்தபடி கண்ணை மூடினால் காலையிலும் அதே ஃபேனைப் பார்த்தபடிதான் திறப்பார். நான் இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. அடுத்த கேள்வி எடை. என் வீட்டுக்காரர் தொண்ணூறு என்றார். நான் திருத்தினேன்.

மூன்று கட்டில்களில் மூன்று விதக் கெட்டியில் மெத்தை போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் படுக்கச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலை பார்க்கப் போய்விட்டார். முதல் இரண்டு நிமிஷத்தில் எல்லா மெத்தையும் நன்றாகத்தான் இருக்கிறது. பத்து நிமிஷம் ஆனால்தான் உடம்பு உண்மையைச் சொல்கிறது.

மல்லாந்து படுப்பவர்களுக்கு அவர் செய்த சோதனை எளிது. படுத்திருப்பவரின் இடுப்பு வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைக்க வேண்டும். கை தாராளமாகப் போய் மேலே இடமும் மிச்சம் இருந்தால் அந்த ஆளுக்கு அந்த மெத்தை அதிகக் கெட்டி. கையே போகாவிட்டால் பிட்டம் அமிழ்ந்துவிட்டது, மெத்தை போதாது. உரசிக்கொண்டு போனால் சரி. என் வீட்டுக்காரருக்கு இருந்ததிலேயே கெட்டியான மூன்றாவது மெத்தையில்தான் கை உரசிக்கொண்டு போனது. மற்ற இரண்டிலும் நுழையவே இல்லை.

ஒருக்களித்துப் படுப்பவருக்கு இந்தச் சோதனை உதவாது. பின்னால் ஒருவர் நின்று, கழுத்தில் இருந்து அடிமுதுகு வரை தண்டுவடம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு என் முதுகைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பெண் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "அக்காளுக்குத் தோளு மேல தூக்கீட்டு நிக்குதுங்க. இடுப்புக்கு அடீல சந்து இருக்குது." பட்டறைக்காரர் ஒரு நொடி யோசித்தார். அப்புறம், "நாலு நாள்ல பழகிக்கும்ங்கக்கா, நாரு கொஞ்சம் அமுங்கும்" என்றார். இந்த விமர்சனத்தில் அவருக்கு நான் ஒரு நட்சத்திரம் குறைப்பது இந்த ஒரு வரிக்காகத்தான். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார், பார்க்க வேண்டியதைப் பார்த்தார், கடைசியில் கனமான ஆளுக்கு விற்றுவிட்டார். நானும் தலையாட்டினேன். இடுப்பு வலி என் வீட்டுக்காரருக்குத்தானே என்று நினைத்தேன்.

பட்டறைக்காரர் அடர்த்தி என்று ஒன்று சொன்னார், அது நெசவுக்காரர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். காடா தறியில் இருந்து இறங்கும்போது பாவில் ஏற்றிய கஞ்சியால் விறைப்பாக நிற்கும். விறைப்பைப் பார்த்துக் கனத்த துணி என்று நம்பினால் ஒரு அலசில் சாயம் வெளுத்துவிடும். மெத்தையிலும் கை வைத்ததும் தெரிகிற கெட்டி வேறு, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்கிற அடர்த்தி வேறு. கெட்டி என்பது இன்று ராத்திரித் தூக்கத்துக்கு. அடர்த்தி என்பது எத்தனை வருஷம் குழி விழாமல் தாங்கும் என்பதற்கு. மெதுவான ஃபோம் நல்ல அடர்த்தியோடு இருக்கலாம், கல் மாதிரி இருப்பது சவலையாகவும் இருக்கலாம். தூக்கிப் பார்த்து எடையை நம்புவதும் முழுசாகச் சரியில்லை. ஃபோமில் சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏற்றுவதும் உண்டு. அதனால் அடர்த்தியை வாயால் கேட்காமல் பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் நார் 90, ரீபாண்டட் 100 என்று இருக்கிறது. ரீபாண்டட் என்பது ஃபோம் வெட்டின மிச்சத் துண்டுகளைப் பொடியாக்கிப் பசை விட்டு அழுத்திய பலகை, பல வண்ணத்தில் பொறி தூவின மாதிரி இருக்கும்.

நாங்கள் சொன்னது 78-க்கு 60 இஞ்ச், ஐந்து இஞ்ச் உயரம். நான்கு இஞ்ச் நார், மேலே ஒரு இஞ்ச் ரீபாண்டட், பருத்தி உறை. 14,800 ரூபாய், வண்டி வாடகை 600 தனி. இரண்டு வாரம் என்று சொன்னது இருபத்துநான்கு நாள் ஆனது. இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தோம். ஐப்பசிக் கடைசியில் குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. 35 கிலோ. சுருட்டி வருகிற சரக்கு இல்லை இது, மடக்கினால் நாரைப் பிடித்திருக்கும் ரப்பர் விட்டுவிடும். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் நான்கு தறி ஆட்கள் சேர்ந்து நிறுத்திப் பிடித்து ஏற்றினார்கள். மாடி வீட்டுக்காரர்கள் வாங்கும் முன் படியை அளந்துகொள்ளுங்கள். முதல் பத்து நாள் ரப்பர் வாடை இருந்தது, சன்னலைத் திறந்து வைத்தால் போய்விடுகிறது.

அவருக்கு முதல் ராத்திரியே பிடித்துவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர் நேராகக் குளியலறைக்கு நடந்து போனார். பத்து எட்டும் இல்லை, இடுப்பில் கையும் இல்லை. போய்விட்டுத் திரும்பி வந்து, "பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன். ராத்திரி இரண்டு மணியில் இருந்து விழித்துத்தானே கிடந்தேன்.

என் கதை நாலாம் நாளே தொடங்கிவிட்டது. இடது கை மரத்துப் போய்த் தூக்கம் கலையும். உதறிவிட்டு வலது பக்கம் திரும்பினால் அரை மணியில் அந்தக் கை. தொடையின் பக்கவாட்டில் எலும்பு இருக்கிற இடம் தொட்டால் வலித்தது. மல்லாந்து படுத்துப் பார்த்தேன், குறட்டை விடுகிறாய் என்று குற்றச்சாட்டு வந்தது. சென்னிமலைப் போர்வையை நாலாக மடித்துப் போட்டேன், ராத்திரிக்குள் சுருண்டு கால்மாட்டுக்குப் போய்விட்டது. பவானி ஜமக்காளத்தைப் பற்றி யாரும் யோசனை சொல்லாதீர்கள், அதுவே ஒரு பலகை.

என் அண்ணன் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். அவளிடம் போனில் புலம்பினேன். "அத்தை, கெட்டியா இருந்தா முதுகுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றதை ஸ்பெயின்ல சோதிச்சே பார்த்துட்டாங்க" என்று ஆரம்பித்தாள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததாம். நாள்பட்ட அடிமுதுகு வலி உள்ள 313 பேர். ஒரு பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மறு பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி. ஒன்றில் இருந்து பத்து வரை அளவு, ஒன்று என்றால் இருப்பதிலேயே கெட்டி. கெட்டி மெத்தை அதில் 2.3, நடுத்தரம் 5.6. தொண்ணூறு நாள் கழித்துப் பார்த்தால் படுக்கையில் வலியும் அன்றாட வேலையில் சிரமமும் நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான் அதிகம் குறைந்திருந்தது.

அப்படியென்றால் உங்கள் மாமாவுக்கு எப்படிச் சரியாச்சு என்று கேட்டேன். "மாமா வெயிட்டுக்கு உங்க எக்ஸ்ட்ரா ஃபர்மே மீடியம்தான் அத்தை. உங்களுக்குத்தான் அது பலகை" என்றாள். ஒருக்களித்துப் படுத்தால் உடம்பின் பாரம் தோளிலும் இடுப்பெலும்பிலுமாக இரண்டே இடத்தில் இறங்குகிறது. அந்த இரண்டும் கொஞ்சம் அமிழ்ந்தால்தான் நடுவில் இருக்கிற இடுப்பு வளைவுக்குத் தாங்கல் கிடைக்கும். 96 கிலோ அழுத்தினால் என் மெத்தை இடம் கொடுக்கும், 52 கிலோவுக்குக் கொடுக்காது. எனக்குக் கயித்துக் கட்டில் ஞாபகம் வந்தது. மாமியாரிடம் சொல்லவில்லை, சொன்னால் வருஷம் முழுக்க அதையே சொல்லிக்காட்டுவார்.

மெத்தையை மாற்ற 14,800 ரூபாய் மறுபடியும் யார் கொடுப்பது? என் பாதிக்கு மட்டும் மேலே ஒரு மெல்லிய மெத்தை போடுவது என்று முடிவு செய்தேன். கடையில் லேட்டக்ஸ் (ரப்பர் ஃபோம்) துண்டு கேட்டால் விலை அதிகம். சந்தைப்பேட்டை பக்கம் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவர் இருக்கிறார். 78-க்கு 30 இஞ்ச், இரண்டு இஞ்ச் உயரம், நாலு கிலோ பஞ்சு, போடிநாயக்கனூர்ச் சரக்கு. துணி எங்கள் தறியிலேயே ஓட்டினது. இலவம்பஞ்சு இழை வழவழவென்று நழுவும், நெருக்கமான நெசவாக இல்லாவிட்டால் வெளியே வந்து வீடெல்லாம் பறக்கும். அதனால் நானே பீஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பஞ்சு ஒரு பக்கமாக ஓடாமல் இடையிடையே தையல் போட்டு இழுத்துக் கட்டினார். எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின ராத்திரி அதில் படுத்தேன். கை மரக்கவில்லை. அடியில் கெட்டி இருக்கிறது, அதனால் இடுப்பு தொங்கவில்லை. மேலே தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் இடம் கிடைக்கிறது. ஒரே ஒரு வினோதம், கட்டிலின் நடுவே இரண்டு இஞ்ச் உயரத்துக்கு வரப்பு. "ஏம்புள்ள, நீ மேட்டாங்காடு, நானு பள்ளத்தோட்டமா?" என்றார் வீட்டுக்காரர். பள்ளத்துக்குத்தான் தண்ணி பாயும், பேசாமல் படுங்கள் என்றேன்.

தலையணையைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கெட்டி மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தால் தோள் உள்ளே போகாது, காதுக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். பழைய மெத்தைக்குச் சரியாக இருந்த தலையணை இதற்குப் பத்தாது. கழுத்து வலி வந்த பிறகுதான் இது புரிந்தது. இப்போது உயரமான தலையணை ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே சின்னது ஒன்று. மல்லாந்து படுக்கிற அவருக்கு முழங்காலுக்கு அடியில் ஒன்று கொடுத்தேன், இரண்டு நாளில் கீழே தள்ளிவிட்டார்.

பொங்கல் நோம்பிக்கு ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்தபோது ஆளாளுக்கு மெத்தையைச் சோதித்தார்கள். என் பஞ்சு மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் படுக்கவிட்டேன். நங்கையா (நாத்தனார்) வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர், 112 கிலோ. படுத்துவிட்டு, "இதென்ன சாமி, கெட்டி மெத்தைன்னீங்க, நல்லா மெதுவாத்தான இருக்குது?" என்றார். ஒருக்களித்தும் படுத்துப் பார்த்தார், அப்போதும் குறை சொல்லவில்லை. என் பையனுக்குப் பதினேழு வயது, 56 கிலோதான், ஆனால் பிறந்ததில் இருந்து குப்புறப் படுக்கிறவன். அவனுக்கு இது சொர்க்கம். குப்புறப் படுப்பவர்களுக்கு மெத்தை மெதுவாக இருந்தால் வயிறும் இடுப்பும் இறங்கி முதுகு வில் மாதிரி வளைந்துவிடும், அதனால் ஒல்லியான ஆளுக்கும் கெட்டிதான் ஒத்துவருகிறது. தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு மதியம் மூன்று மணி வரை தூங்கினான். நங்கையாளின் பேத்தி ஏறிக் குதித்துப் பார்த்து, எகிறவே இல்லை என்று அழுதாள். மாமியார் ஓரத்தில் உட்கார்ந்து, தட்டிப் பார்த்து, "இதுக்கு நம்ம திண்ணையே தேவல" என்று எழுந்து போனார். ஓரம் அமுங்காததால் எழுந்திருக்க அவருக்குக் கை தேவைப்படவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

மெத்தையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உறைக்கு ஜிப் இல்லை, கழற்றித் துவைக்க முடியாது. வாங்கும்போதே ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மெத்தையைத் தூக்கினால் கட்டில் பலகையில் பழுப்பாகத் தூசு படிகிறது, மாதம் ஒரு முறை துடைக்கிறேன். தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசித்து வாங்க வேண்டும். உறையின் பூ டிசைன் பெரியாஸ்பத்திரி சன்னல் திரை மாதிரி இருக்கிறது, அதைச் சொன்னால் பட்டறைக்காரர் வருத்தப்படுவார், விட்டுவிடலாம். பஞ்சு மெத்தைக்கும் வேலை உண்டு. இரண்டு வாரத்தில் அமுங்கிப் போகும். மொட்டை மாடி வெயிலில் அரை நாள் போட்டுத் தட்டினால் மறுபடி எழும்பிவிடும். ஆனி ஆடிக் காத்தில் அதை மாடியில் போட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் வரை கொண்டுபோய்விடும், நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும்.

90 கிலோவுக்கு மேல் இருந்து மல்லாந்து படுப்பவரா, தயங்காமல் வாங்கலாம். குப்புறப் படுப்பவர் எந்த எடையானாலும் போய்ப் படுத்துப் பார்க்கலாம். 60 கிலோவுக்குக் கீழே இருந்து ஒருக்களித்துப் படுப்பவர்கள் இதைத் தனியாக வாங்காதீர்கள், மேலே இரண்டு இஞ்ச் மெதுவாக எதுவோ ஒன்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள். புருஷன் பெஞ்சாதிக்கு எடையில் எங்களைப் போல வித்தியாசம் இருந்தால் பட்டறைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் போன் போட்டு என் பஞ்சு மெத்தைக் கதையைச் சொன்னதும், முப்பது முப்பது இஞ்ச்சாக இரண்டு விதக் கெட்டியில் வெட்டி ஒரே உறைக்குள் தைத்துத் தர முடியும் என்றார். இதை ஐப்பசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலீங்களேக்கா" என்றார்.

வைகாசியோடு ஏழு மாதம். போன ஞாயிற்றுக்கிழமை விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை பாவு நூல் ஒன்றை இழுத்துக் கட்டி, அவர் இடுப்பு வருகிற இடத்தில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர். என் பக்கம் ஒன்றுமே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் சோம்பல்பட்டுவிட்டோம். அன்றைக்கே ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் திருப்பிப் போட்டோம். விரிப்பை விரிக்கும்போதுதான் கவனித்தேன், தலை கால் மாறினால் இடது வலதும் மாறிவிடுகிறது. அவருடைய மூன்று மில்லிமீட்டர் இப்போது என் பஞ்சுக்கு அடியில் இருக்கிறது.